ரோதைமுனியின் முகம்

என் கணவர் எதனால் செத்தார் என்பது என் மாமியாருக்குத் தெரியக் கூடாது. விபத்தில் செத்தார் என்பது ஊருக்கே தெரியும். மரண விசாரணை அதிகாரியும் அப்படித்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த விபத்து ஏன் நடந்தது என்பதுதான் விஷயம். அது எனக்குத் தெரியும், என் கணவரின் சிநேகிதர் நஸீப் நாநாவுக்குத் தெரியும். இன்னொருவருக்குத் தெரிந்தால் சுற்றிச் சுற்றிப் பாலம்மா அத்தையின் காதுக்கு வந்துவிடும். கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் எங்கள் வாடகை வீட்டுப் பின்னறையில் அவர் பிள்ளையின் சட்டையை மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்துக் கிடக்கிறார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அத்தைக்கு நான், எனக்கு அத்தை. அந்தக் காதுக்கு இது வரவே கூடாது.

என் கணவர் ஓட்டிய வண்டியின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அது இல்லாமல் மற்றது விளங்காது.

இரண்டாம் உலகப் போருக்குக் கொஞ்சம் முன்னால், இங்கிலாந்தில் கோல்டர்ன் என்றொரு சின்னக் கம்பனி பந்தய மோட்டார் சைக்கிளின் எடையைக் குறைக்கப் பைத்தியமாய் அலைந்தது. இரும்பு இருந்த இடங்களிலெல்லாம் மெக்னீசியம் கலந்த உலோகத்தை வார்த்துப் போட்டுப் பார்த்தார்கள். சோதனைக்காக மூன்றே வண்டிகள். அதற்குள் போர் வந்துவிட்டது, கம்பனி ஆகாய விமான வேலைக்குப் போய்விட்டது, சோதனை அப்படியே நின்றது. ஒரு வண்டியை உலோகத்துக்காக உருக்கிவிட்டார்கள். இன்னொன்று அங்கே ஏதோ ஒரு காட்சிசாலையில் கண்ணாடிக்குள் நிற்கிறது. மூன்றாவது இலங்கைக்குப் போனது, பிறகு தகவல் இல்லை என்று எழுதி வைத்திருக்கிறார்களாம். தகவல் இல்லாமல் என்ன? எங்கள் ஆட்களிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அதை வாங்கி வந்தவர் நாகமலைத் தோட்டத்துச் சின்னத் துரை, அதாவது வெள்ளைக்கார உதவி மனேஜர். நாகமலை கலகெதரைக்கு மேலே இருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கிக் கால் கடுக்க ஏற வேண்டும். துரையின் சொந்தப் பெயர் எங்கள் ஆட்கள் வாயில் நுழையவில்லை. அந்த வண்டியை அவர் முறுக்கிக்கொண்டு மலையைச் சுற்றினால் கொழுந்தெடுக்கிற பெண்கள் காதைப் பொத்திக்கொள்வார்களாம். அதனால் பட்டாசுத் துரை. மலையேற்றப் பந்தயங்களில் கோப்பையெல்லாம் வாங்கியிருக்கிறார். போர் வந்ததும் பட்டாளத்துக்குப் போனவர் திரும்பவில்லை. வண்டி ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், எஞ்சின் அறை ஓரமாய் நின்றுபோயிற்று.

ஸ்டோருக்கென்று ஒரு சாமி உண்டு. கொழுந்தை அரைக்கிற பெரிய இயந்திரத்தை ரோதை என்பார்கள். அந்த ரோதை யார் கையையும் இழுத்துக்கொள்ளாமல் காக்கிறவர் ரோதைமுனி. ஒரு கல், ஒரு சூலம், வருசத்துக்கு ஒரு சேவல், இவ்வளவுதான் அவர் சொத்து. துரை வரமாட்டார் என்று உறுதியான பிறகு யாரோ ஒரு புண்ணியவான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் முனிக்குப் பக்கத்தில் நிறுத்தினான். மற்றக் காவல் சாமிகளுக்குக் குதிரை இருக்கும்போது இயந்திரத்தைக் காக்கிற சாமிக்கு இயந்திரம்தானே வாகனம்? நியாயம்தான். போகப் போக வாகனம் எது, சாமி எது என்ற வித்தியாசமும் போய்விட்டது. பந்தய வண்டிக்கு முன் விளக்குக் கிடையாது. விளக்கு இருக்க வேண்டிய இடத்தில், ஹேண்டிலையும் முன் சக்கரத்தைத் தாங்குகிற இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடிக்கிற ஒரு வார்ப்புத் துண்டு உள்ளங்கை அகலத்தில் இருந்தது. அதில் இரண்டு புடைப்புகள். பார்த்தவர்களுக்கு அவை கண்களாகத் தெரிந்தன. வெள்ளிக் கண் ஒட்டினார்கள், மீசை வரைந்தார்கள். அது முனியின் முகமாகிவிட்டது.

வருசா வருசம் திருவிழாவில் எலுமிச்சம்பழத்தை வெட்டி அந்த முகத்தில் பிழிந்து தேய்ப்பார்கள். ரோதையில் வேலை செய்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பழம். தேய்த்த ஈரத்தின் மேலேயே குங்குமம், காய்ந்த பிறகு சிவப்புப் பெயிண்ட். அடுத்த வருசம் அதன் மேல் மறுபடியும் எலுமிச்சை, குங்குமம், பெயிண்ட். அப்படியே எண்பது வருசம் போனது. தோட்டத்தை அரசாங்கம் எடுத்தபோது பங்களாவிலிருந்த கதிரை, அலுமாரி, பித்தளைக் குழாய் எல்லாம் காணாமல் போயின. இதைத் தொட ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. எண்பத்து மூன்றுக் கலவரத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குத் தீ வைக்க வந்தவர்கள்கூட முனிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் வைத்தார்களாம். என் மாமியார் இதை முனியின் பெருமையாகச் சொல்வார். நான் வாயை மூடிக்கொண்டு கேட்பேன்.

அவருடைய பக்தியை நான் கேலி செய்வதற்கில்லை. என் மாமனார் வாழ்நாள் முழுக்க அந்த ரோதையில் நின்றவர். கூட நின்றவர்களில் விரல் போனவர்கள் உண்டு, முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லாமல் வீட்டுக்கு வந்தவரும் உண்டு. மாமனாருக்கு நகம்கூடப் பெயரவில்லை. “பத்து வெரலோடதான் அவரக் குழிக்குள்ள எறக்குனோம்” என்று அத்தை சொல்லும்போது குரலில் ஒரு கர்வம் இருக்கும். அந்தக் கர்வத்துக்கு முனிதான் பொறுப்பு.

ஸ்டோர் மூடி வெகுகாலம் ஆயிற்று, திருவிழா மட்டும் நிற்கவில்லை. போன வருசம் அந்த இடத்தை ஹோட்டல் கட்டுவதற்காக யாரோ வாங்கிவிட்டார்கள். கல்லையும் சூலத்தையும் ரோட்டோரம் ஒரு பலா மரத்தடிக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். வண்டியை நிறுத்த அங்கே இடமில்லை. பழைய இரும்புக்காரன் வந்து இரண்டு தடவை சுற்றிப் பார்த்துவிட்டுப் போனான். அப்போதுதான் என் கணவர் போய் நின்றார்.

அவருக்குக் கட்டுகஸ்தோட்டை ரோட்டில் ஒரு சின்ன மோட்டார் சைக்கிள் கராஜ். அவர் பெயர் பலகையில் இருக்கும், ஆள் எப்போதும் ஏதாவது வண்டிக்கு அடியில் இருப்பார். சின்ன வயதில் முனிக்கு முன்னால் கும்பிட்டு நின்றபோதெல்லாம், சாமி கண்ணைக் குத்தும் என்று தெரிந்தும், எஞ்சினைத்தான் பார்த்துக்கொண்டிருந்ததாக என்னிடம் சொல்லியிருக்கிறார். பூசாரி இருளப்பன் மாமாவிடம் பேசி, திருவிழாவுக்குத் திருப்பிக் கொண்டுவருவதாகக் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்து, வண்டியை லொறியில் ஏற்றிக் கண்டிக்குக் கொண்டுவந்தார். கராஜில் இறக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் கல்யாணத்தன்றுகூட அவ்வளவு சந்தோஷமாக இருக்கவில்லை என்று நான் சொல்லிக் காட்டினேன். இல்லை என்று மறுக்கவாவது செய்தாரா? சிரித்தார்.

அது என்ன வண்டி என்று கண்டுபிடித்துச் சொன்னவர் நஸீப் நாநா. நாநா என்றால் முஸ்லிம்கள் வழக்கில் அண்ணன்; கண்டியில் கடை வைத்திருக்கிறவர், பழைய மோட்டார் சைக்கிள் என்றால் சாப்பாட்டையும் மறக்கிறவர். அவர் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு எஞ்சினில் அடித்திருந்த எழுத்தைப் பார்த்தார், போனில் யார் யாரையோ கூப்பிட்டார், பிறகு கராஜில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

“தங்கச்சி, இது லேசுப்பட்ட சாமான் இல்ல. ஒலகத்துலயே மூணுதான் செஞ்சீக்கி. கண்ணாடிக்கு வெளிய ஒண்டுதான் ஈக்கி. அது இங்க ஈக்கி.”

“ஓடுமா நாநா?” என்று நான் கேட்டேன். ஓடாது என்று சொல்லமாட்டாரா என்றிருந்தது எனக்கு.

“ஓட வைக்கலாம்” என்றார் என் கணவர், வண்டிக்கு அடியிலிருந்து.

அதிலிருந்து எங்கள் வீட்டில் மூன்றாவது ஆள் ஒருவர் குடிவந்த மாதிரி ஆகிவிட்டது. சாப்பிடும்போதும் வண்டி, படுக்கும்போதும் வண்டி. அவர் கண்மூடித்தனமாக வேலை செய்கிறவர் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். அது மெக்னீசியம் என்று நஸீப் நாநா சொன்ன நாளிலிருந்து ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, சுரண்டி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அரித்துப்போன இடம் என்று சந்தேகம் வந்தால் அந்தப் பாகத்தைத் தூக்கி எறிந்துவிட்டுப் பேராதனையில் ஒரு பட்டறையில் புதிதாகக் கடைந்து வாங்கினார். பிரேக், சக்கரம், எஞ்சின் உறை எல்லாம் அப்படித்தான். கடைசியாக முகம் மிஞ்சியது.

அன்றைக்கு, அப்போது தோட்டத்திலேயே இருந்த அத்தை பஸ் ஏறி, கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் இறங்கி, நேரே கராஜுக்கு வந்துவிட்டார். நானும் வேலை விட்டு அங்கே போயிருந்தேன். அவர் வந்தபோது என் கணவர் கையில் சுரண்டும் தகடு இருந்தது. வெள்ளிக் கண்களைக் கழற்றி ஒரு தட்டில் வைத்திருந்தார். அத்தை அதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றார்.

“யோகு, என்னடா பண்ற?”

“இல்லம்மா, பெயிண்ட எடுத்துப் பாக்கணும். தட்டுனா சத்தம் அடச்ச மாரி கேக்குது.”

“எண்பது வருசப் பெயிண்டுடா. அடச்சுதான் கேக்கும்.” அத்தை வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “ஒடம்பச் சொரண்டுன, ஒண்ணும் சொல்லல. கால மாத்துன, வயித்த மாத்துன, ஒண்ணும் சொல்லல. மொகத்துல கை வைக்காத. ஒங்கப்பன் பத்து வெரலும் இந்த மொகம் குடுத்ததுடா.”

“அம்மா, இதுதான் முன் சக்கரத்தப் புடிச்சுக்கிட்டு இருக்கு. உள்ள எப்படி இருக்குனு பாக்காம எப்படி?”

“நான் சாகுற வரைக்குமாவது விடு. அதுக்கப்பறம் என்ன வேணா செஞ்சுக்க.”

அழுகை, சாபம், நெஞ்சில் அடித்துக்கொள்ளுதல் எதுவும் இல்லை. மணிக்கட்டைப் பிடித்தபடியே நின்றார். என் கணவர் கொஞ்ச நேரம் அந்தத் துண்டைப் பார்த்தார். அடியில் கை விட்டுத் தடவினார். அடிப்பக்கம் வழுவழுவென்று நன்றாகத்தான் இருந்தது. பிறகு தகட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“சரி, மொகம் ஒன்னோடது. மிச்சம் என்னோடது. போதுமா?”

அத்தை மடியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தார். கோபித்துக்கொண்ட சாமியைச் சமாதானம் செய்யாமல் விடுவாரா? அங்கேயே வெட்டி, முகத்தில் பிழிந்து, குங்குமம் வைத்து, வெள்ளிக் கண்களைத் தன் கையாலேயே திருப்பி ஒட்டினார்.

வண்டியை ஓட்டிக் காட்ட ஏற்பாடு செய்தவர்கள் நஸீப் நாநாவின் பழைய வண்டிக் கூட்டாளிகள். போட்டி இல்லை, சும்மா ஒரு காட்சி. கலகெதரைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பாதையை அரை நாளைக்கு அடைத்துக்கொண்டு, பழைய வண்டிகளை ஒவ்வொன்றாக மேலே ஏற்றிக் காட்டுவது. கொழும்பிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். எனக்கு அவர் ஓட்டுவதில் விருப்பம் இல்லை. வேண்டாம் என்று பல தடவை சொல்லியும் பார்த்தேன். “ஒரே ஒரு வாட்டி ராணி. அப்பறம் முனிகிட்ட திருப்பிக் குடுத்துடுவேன்” என்றார். கொடுத்துவிடுவார் என்று தெரியும். அதனால்தான் அந்த ஒரு தடவை அவருக்கு அவ்வளவு முக்கியமாக இருந்தது.

அவர் ஏறியதை நான் பார்த்தேன். அதை மறைக்கமாட்டேன், அழகாக இருந்தது. சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. எனக்குப் பக்கத்தில் நின்ற அத்தை காதைப் பொத்திக்கொண்டு, “பட்டாசுத் தொர, பட்டாசுத் தொர” என்று சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். தோட்டத்திலிருந்து வந்திருந்த சனமெல்லாம் கும்பிட்டது. சிவப்பு முகமும் வெள்ளிக் கண்ணுமாக அந்த வண்டி வளைவுகளில் ஏறி மேலே மறைந்தது. மேலே எல்லோரும் கைதட்டிய சத்தம் கீழே எங்களுக்குக் கேட்டது.

இறங்கும்போதுதான் நடந்தது. வேகமாகக்கூட வரவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, பிரேக்கைப் பிடித்துப் பிடித்து, சைக்கிளில் வருகிற மாதிரி இறங்கிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் ஒரு கையைத் தூக்கினார். கடைசி வளைவில் பிரேக்கை அழுத்தியபோது முன் சக்கரம் தனியாகப் போயிற்று. ஹேண்டில் அவர் கையிலேயே இருந்தது. பாதை ஓரத்துக் கருங்கல் கட்டில் பின்தலை அடித்தது. நாங்கள் ஓடிப் போனபோது கண் திறந்திருந்தது, மூச்சு இல்லை.

உடலைப் பதப்படுத்துகிற மலர்ச்சாலையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது முகத்தில் ஒரு கீறல் இல்லை. வேலைக்குப் போகக் குளித்துவிட்டுப் படுத்திருக்கிறவர் மாதிரி இருந்தார். அத்தை அந்த முகத்தை இரண்டு கையாலும் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு என்னை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக் காதில் சொன்னார்.

“பாத்தியா புள்ள, மொகத்துல ஒண்ணுமில்ல. நான் மொகத்தத் தொடாதன்னேன், எம்புள்ள கேட்டான். அதான் முனி அவன் மொகத்த விட்டுருச்சு. இல்லாட்டி இதக்கூட நமக்குக் காட்டியிருக்காது.”

நான் தலையை ஆட்டினேன். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது.

கருமாதி முடிந்த மறுநாள் நஸீப் நாநா என் அலுவலகத்துக்கு வந்தார். வீட்டுக்கு வரவில்லை என்பதிலேயே எனக்கு ஏதோ தட்டுப்பட்டது. வெளியே வாகனத்தில் உட்கார வைத்து, ஒரு துணியைப் பிரித்துக் காட்டினார். முனி முகத்தின் பாதி. உடைந்த பக்கத்தைத் திருப்பினார். மேலே விரல் கனத்துக்குச் சிவப்புப் பெயிண்ட், தட்டுத் தட்டாக. அதற்குக் கீழே உலோகம் இருக்க வேண்டிய இடத்தில் நனைந்த சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாய்ப் பொடி. அவர் நகத்தால் தொட்டதும் உதிர்ந்து என் சேலையில் விழுந்தது. அடிப்பக்கம் மட்டும் தகடு போல் நல்ல உலோகம் மிஞ்சியிருந்தது.

“எலுமிச்சம்புளி தங்கச்சி. இந்த உலோகத்த அது தின்னும். எண்பது வருசமாத் தின்னீக்கி. பெயிண்ட் மேல மூடி மூடி வெச்சதால வெளிய விளங்கல்ல.” துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “யோகராஜ் மத்த எல்லாத்தயும் பாத்தாரு. இத மட்டும் ஏன் பாக்காம விட்டாருண்டுதான் எனக்கு விளங்கல்ல.”

எனக்கு விளங்கியது. அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்த அத்தையின் கை எனக்கு முன்னாலேயே நின்றது. நாநாவிடம் சொன்னேன். அவர் துண்டைத் துணியில் திருப்பிச் சுற்றினார்.

“நாநா, இது அத்தைக்குத் தெரியக் கூடாது.”

“தெரியக் கூடாதுதான். ஆனா டவுன்ல என்ன பேசிக்கிறாங்கண்டு தெரியுமா ஒங்களுக்கு? தன்ட வண்டியயே ஒழுங்காப் பூட்டத் தெரியாதவன்டு பேசுறாங்க. ஆணி முடுக்க மறந்துட்டாருண்டு ஒத்தன் பேஸ்புக்ல எழுதீக்கிறான். இந்தத் துண்டக் காட்டினா ஒரே வார்த்தையில வாய மூடுவாங்க. அந்த மனுசன் மேல பழி கெடக்கு தங்கச்சி.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. கராஜில் வேலைக்கு விட்டிருந்த வண்டிகளை ஒவ்வொருவராக வந்து தள்ளிக்கொண்டு போனார்கள். ஒருவர் என் கண்ணுக்கு முன்னாலேயே தன் வண்டியின் ஆணிகளையெல்லாம் திருகித் திருகிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார். அவரை அறைந்திருக்க வேண்டும். அறையவில்லை. அந்தத் துண்டைத் தூக்கி அவர் மூஞ்சிக்கு நேரே காட்டியிருந்தால் போதும். அடுத்த பஸ்ஸிலேயே கதை கலகெதரைக்குப் போயிருக்கும். எலுமிச்சை தின்றது என்றால், ஏன் சுரண்டிப் பார்க்கவில்லை என்று கேட்பார்கள். ஏன் சுரண்டவில்லை என்பதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. அந்தப் பதில் பின்னறையில் படுத்திருக்கிறது.

வேறு வழி இருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு காலை அத்தைக்குத் தேநீர் கொடுத்துவிட்டு, “அந்த வண்டிய வெள்ளக்காரன் சரியாச் செய்யலியாம் அத்தை. பரீட்சைக்குச் செஞ்ச வண்டியாம். அதான் ஒடஞ்சிருச்சாம்” என்றேன்.

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தார். “வெள்ளக்காரன் செஞ்சது எண்பது வருசம் அப்படியே நின்னுச்சே புள்ள? ஒடஞ்சுச்சுனா எந்த எடத்துல ஒடஞ்சுச்சு?”

நான் தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். தொழிற்சாலையில் வாழ்ந்த பெண். இயந்திரம் உடைந்தது என்றால் எங்கே என்றுதான் முதலில் கேட்பார். இரும்பைப் பற்றி நான் எந்தப் பொய்யைச் சொன்னாலும் அது கடைசியில் அந்த முகத்தில் போய் முட்டும்.

ஆனால் அத்தையிடம் ஏற்கெனவே ஒரு பதில் இருந்தது. தோட்டத்துச் சனம் முழுக்க அதைத்தான் சொன்னது. முனியை இடம் பெயர்த்தான், உடம்பைச் சுரண்டினான், காலை மாற்றினான், முனி கேட்டுவிட்டது. அத்தை அதை நம்பினார். நம்பி அழுதார், ஆனால் உயிரோடு இருந்தார். பிள்ளை செய்த தப்பை ஒரு தாயால் தாங்கிக்கொள்ள முடிகிறது. தான் செய்ததை அவர் தாங்கமாட்டார், எனக்கு அவரைத் தெரியும். ஆக அவரைக் காப்பாற்ற எனக்கிருந்த ஒரே வழி, என் கணவரைச் சாமிக் குத்தம் செய்தவராக விட்டுவிடுவதுதான். டவுனில் வேலை தெரியாதவன், தோட்டத்தில் முனியைச் சுரண்டினவன். செத்துப்போனவருக்கு இரண்டு பட்டம்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். ஒரு வெள்ளிக்கிழமை அத்தை எழுந்து குளித்து, “நாம நாகமலைக்குப் போறோம் புள்ள. குத்தம் தீக்கணும். இருளப்பன்கிட்ட சொல்லிட்டேன்” என்றார். குத்தம் தீராமல் போனால் பிள்ளையின் ஆத்மா அந்த வளைவிலேயே நின்றுகொண்டிருக்கும் என்று இருளப்பன் மாமா சொல்லியிருக்கிறார். அத்தை பல நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. தட்டில் சோற்றைப் பிசைந்துவிட்டு, “அவன் ரோட்டுல நிக்கிறான்” என்று கையைக் கழுவிவிடுவார். அவர் சேலைக்குள் உடம்பு குறைந்துகொண்டே போனது எனக்குத் தெரிந்தது.

போனோம். நஸீப் நாநாதான் தன் வாகனத்தில் கூட்டிக்கொண்டு போனார். வழியில் அந்த வளைவு வந்தபோது அத்தை கண்ணை மூடிக்கொண்டார். பலா மரத்தடியில் கல்லும் சூலமும் இருந்தன. உடைந்த வண்டியை அதற்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார்கள். லயத்துச் சனம் நிறைய வந்திருந்தது. எல்லோரும் என் கணவரைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர்கள். பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். பாசத்தில் ஒரு குறையும் இல்லை. அந்தப் பாசத்தோடுதான் அவரைக் குற்றவாளி என்றும் நம்பினார்கள்.

இருளப்பன் மாமா கற்பூரம் ஏற்றினார். என்னைக் கல்லுக்கு முன்னால் நிற்கச் சொன்னார்.

“செஞ்சவன் இப்ப இல்ல. அவன்ல பாதி நீதாம்மா. நீதான் சொல்லணும். அவன் பேரச் சொல்லி, குத்தத்தச் சொல்லி, மன்னிப்புக் கேளு. எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு. முனிக்கும் கேக்கணும், அவனுக்கும் கேக்கணும்.”

நான் படித்தவள், சம்பளம் வாங்குகிறவள். ஒரு கல்லுக்கு முன்னால் நின்று என் புருசனை நானே காட்டிக்கொடுப்பதா? ஒவ்வொரு ஆணியையும் இரண்டு தடவை பார்த்தவர். அம்மாவின் கை மணிக்கட்டில் இருந்ததற்காக, சந்தேகம் இருந்தும், சிரித்துக்கொண்டு தகட்டைக் கீழே வைத்தவர். அவர் செய்த ஒரே தப்பு, அம்மா சொன்னதைக் கேட்டதுதான். அதைத்தான் நான் உரக்கச் சொல்ல வேண்டும் போலிருந்தது. தொண்டைவரை வந்துவிட்டது. கூட்டத்துக்குப் பின்னால் நின்ற நஸீப் நாநா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையை ஒரு தடவை ஆட்டினால் போதும், அவர் வந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். அந்தத் துண்டு வாகனத்தில்தான் இருந்தது.

அத்தை எனக்குப் பக்கத்தில் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார். “சொல்லு தாயி” என்றார். “அவன் நிக்கிறான், சொல்லிடு.”

கல்யாணமான நாளிலிருந்து நான் என் கணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் கூப்பிடுவதில்லை. ‘என்னங்க’ என்றுதான் கூப்பிடுவேன், அலுவலகத்தில் ‘எங்க வீட்டுக்காரர்’ என்பேன். ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டபோதுகூட நஸீப் நாநாதான் சொன்னார்.

“யோகராஜ்” என்றேன். குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. “என் புருசன் யோகராஜ் முனியச் சொரண்டினது தப்பு. எடத்த விட்டுக் கொண்டுபோனது தப்பு. அவரு செஞ்ச குத்தத்துக்குத்தான் உயிரக் குடுத்துட்டாரு. அவர மன்னிச்சு விட்டுரு சாமி.”

எல்லோரும் தரையில் விழுந்து கும்பிட்டார்கள். நஸீப் நாநா திரும்பி வாகனத்துப் பக்கம் நடந்துவிட்டார். நான் நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியாத ஆத்திரம்.

அத்தை மண்ணிலிருந்து எழுந்து, விபூதிக் கையோடு என் முகத்தைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு நாளும் இறுகிக் கிடந்த அவர் முகம் தளர்ந்துபோயிருந்தது. பசிக்கிறது என்று சொன்னார். பிறகு என்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“எம்புள்ளயக் காப்பாத்திட்ட தாயி.”